கணனியில் நாம் அமர்த்திய பதிலாள் யார்?

இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாட்களை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் பரவிய வேளையில், 7ஆம் திகதி முதல் முகநூல், வட்ஸ்அப், வைபர் போன்றவை தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து மீண்டும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் வீதிக்கிறங்கவிருந்த ஞாயிற்றுக்கிழமையில், ஊரடங்குடன் சேர்த்து இணையத்தின் வாயிலும் சாத்தப்பட்டது. அந்நாள் முடிவதற்குள் அது திறக்கப்பட்டது வேறு விடயம்.

இத்தடைகள் சரியா, தவறா என்பது பற்றி இப்பக்கத்தில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. இன்று நாம் எழுத முனைவது எவரும் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றியது. அந்நாட்களில் கையிலிருந்து கைக்கு இரகசியமாகக் கைமாறிய பொருள் ஒன்று உண்டு. அது சில இலக்கங்கள். "கணனியில் இந்த இடத்துக்குச் சென்று இந்த இலக்கங்களை இடுங்கள், முகநூல் திறக்கும்" என்று பக்கத்து வீட்டு இளைஞர் கூறினார். கைத்தொலைபேசிக் கடைக்காரர் கூறினார். வெளிநாட்டிலிருந்த உறவினர் கூறினார். இட்டதும் திறந்தது. வளைகுடா நாட்டில் தொழில் செய்யும் தந்தை திகனையிலுள்ள பிள்ளைகளின் குரலைக் கேட்பதற்குத் தவித்த நேரத்தில், அந்த இலக்கங்கள் யாருடையவை என்று ஆராய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இதில் குறைகூற எதுவுமில்லை. ஆனால் தடை நீங்கிய பின்னரும் அந்த இலக்கங்கள் பல கணனிகளில் அப்படியே தங்கிவிட்டன என்பதே எமது கவலை.

இதனை நாம் பிறருக்கு உபதேசமாகக் கூறவில்லை. எமது ஆசிரிய பீடத்திலேயே இது நிகழ்ந்தது. 2018 மார்ச்சில் சக பத்திரிகையாளர் ஒருவர் தமது மடிக்கணனியில் இவ்வாறான இலக்கங்களை இட்டிருந்தார். சில மாதங்கள் கழித்து, எமது பத்திரிகையின் இணையப் பக்கத்தை அதில் திறந்தபோது, நாம் ஒருபோதும் வெளியிட்டிராத விளம்பரம் ஒன்று செய்தியின் நடுவே தோன்றியது. மற்றைய கணனிகளில் அந்த விளம்பரத்தைக் காணவில்லை. கணனி அறிந்த இளைஞர் ஒருவர் வந்து பார்த்தபோதுதான், அந்த மடிக்கணனியின் இணையப் போக்குவரத்து முழுவதும் எவருடையதென்றே தெரியாத ஓர் இடைவழங்கியினூடாகச் சென்று வந்தமை தெரியவந்தது. அந்த இடைவழங்கியே விளம்பரத்தைச் செருகியிருந்தது. செருக முடிந்த கைக்கு வாசிக்கவும் முடிந்திருக்கும். அம்மாதங்களில் அந்த மடிக்கணனியினூடாக என்னென்ன தேடப்பட்டன, எவருடைய பெயர்கள் தட்டச்சிடப்பட்டன என்று எண்ணிப் பார்த்தபோது எமக்கு உறக்கம் வரவில்லை.

இந்த இடைவழங்கியைத்தான் 'பிரொக்ஸி' என்கின்றனர். தமிழில் பதிலாள் என்று கூறலாம். கம்பனிக் கூட்டத்துக்குச் செல்ல இயலாத பங்குதாரர் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்புகிறார் அல்லவா? அதே பொருளில்தான் இச்சொல் கணனித் துறையிலும் வழங்குகின்றது. வழமையாக உங்கள் கணனி ஓர் இணையத்தளத்தை நேரடியாகக் கேட்டுப் பெறுகின்றது. பதிலாளை அமர்த்திவிட்டால், கணனி தன் கோரிக்கையைப் பதிலாளிடம் கொடுக்கும். பதிலாள் தன் பெயரில் இணையத்தளத்திடம் கேட்டுப் பெற்று, அதனை உங்களிடம் சேர்ப்பிக்கும். இணையத்தளம் காண்பது பதிலாளின் முகவரியை, உங்களுடையதை அன்று.

எமது மக்களுக்கு நன்கு பழக்கமான அற்றோர்ணித் தத்துவத்துடன் இதனை ஒப்பிடலாம். கனடாவிலோ கட்டாரிலோ வாழும் ஒருவர், ஊரிலுள்ள காணியை விற்பதற்கு அண்ணனுக்கோ மைத்துனனுக்கோ அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். கொடுக்கும் முன் எத்தனை யோசனை! ஆள் நம்பகமானவரா, எந்த அலுவலுக்கு மட்டும் அதிகாரம், எதுவரை செல்லும் என்றெல்லாம் நொத்தாரிசுடன் ஆலோசிக்கிறோம். ஆயினும் எமது கடிதங்கள், தேடல்கள், வங்கிக்கான வழி ஆகிய அனைத்தையும் கையாளும் அதிகாரத்தைப் பெயரறியாத ஒருவருக்கு இரண்டே நிமிடங்களில் கொடுத்துவிடுகிறோம்.

பதிலாள் என்றாலே தீயது என்று எவரும் கருதிவிடலாகாது. அது நல்ல தேவைக்காகப் பிறந்தது. வலைப்பின்னல் பிறந்த ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்திலேயே, 1994ஆம் ஆண்டளவில், பாதுகாப்பு அரணுக்குள் இருந்த கணனிகள் வெளியுலகை அடைவதற்காக இம்முறை உருவாக்கப்பட்டது. ஒருவர் கேட்ட பக்கத்தின் பிரதியைச் சேமித்து வைத்து, அதே பக்கத்தைக் கேட்கும் அடுத்தவருக்கு உடனே வழங்குவது அதன் இன்னொரு பயன். தொலைபேசிக் கம்பியூடாக இணையம் ஊர்ந்து வந்த காலத்தில் இது பெரும் உதவியாயிற்று. இன்றும் பல்கலைக்கழகங்கள், வங்கிகள், அலுவலகங்கள் பலவற்றில் தகாத தளங்களைத் தடுக்கவும், பாவனையைக் கணக்கிடவும், தீங்குநிரல்களை வாயிலிலேயே மறிக்கவும் பதிலாள் வழங்கிகள் இயங்குகின்றன. அங்கே அதனை நடத்துபவர் யார் என்பது தெரியும்; குறை நேர்ந்தால் கேட்கவும் முடியும். ஆகவே கேள்வி பதிலாள் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. அவர் யார், அவரால் எதைக் காணமுடியும் என்பதே.

எதைக் காணமுடியும்? இணையத்தள முகவரியின் தொடக்கத்தில் எச்.ரி.ரி.பி. என்று மட்டும் இருந்தால், பதிலாள் அனைத்தையும் காணலாம், மாற்றவும் செய்யலாம். எமது பக்கத்தில் விளம்பரம் நுழைந்தது இவ்வாறுதான். முகவரி எச்.ரி.ரி.பி.எஸ். என்று தொடங்கினால், உள்ளடக்கம் உறையிலிட்டு ஒட்டிய கடிதம்போல மறைகுறியாக்கத்துடன் செல்லும். பதிலாள் உறையின் மேலுள்ள பெயரைக் காண்பார். உள்ளே இருப்பதைக் காணமாட்டார். ஆனாலும் எந்த வங்கி, எந்த வைத்தியசாலை, எந்தச் செய்தித்தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பன அவருக்குத் தெரியும். ஒருவருடைய வாழ்வை அறிவதற்கு உறைகளின் மேலுள்ள பெயர்களே பல வேளைகளில் போதுமானவை.

இந்த உறையையும் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. சான்றிதழ் ஒன்றைக் கணனியில் நிறுவிக்கொள்ளச் செய்வதே அது. கணனி நம்பும் சான்றிதழைக் கைவசம் வைத்திருப்பவர் உறையைப் பிரித்து வாசித்து, தாமே மீண்டும் ஒட்டி அனுப்பலாம். உலாவியும் முறைப்பாடு செய்யாது. 2015 பெப்ரவரியில், லெனோவோ நிறுவனத்தின் சில மடிக்கணனிகள் 'சுப்பர்பிஷ்' எனும் மென்பொருளுடன் விற்கப்பட்டமை அம்பலமானது. விளம்பரம் காட்டுவதற்காக அது இவ்வேலையைத்தான் செய்தது. சகல கணனிகளிலும் ஒரே திறவுகோல் இருந்ததால், அதனைப் பெற்ற எந்தத் திருடனும் அதே கதவுகளைத் திறக்கக்கூடியதாக இருந்தது. 2019 ஜூலையில் கசகஸ்தான் அரசாங்கம் தன் மக்களை இவ்வாறான சான்றிதழை நிறுவிக்கொள்ளுமாறு கூறியது. மறுமாதமே கூகிள், மொஸில்லா, அப்பிள் ஆகியன அச்சான்றிதழைத் தமது உலாவிகள் ஏற்காதவாறு செய்தன. எனவே இலவச இணைப்புக்காக எவரேனும் சான்றிதழை நிறுவச் சொன்னால், எவ்வளவு அவசரமாயினும் மறுத்துவிடுங்கள்.

வி.பி.என். பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லையே என்று சிலர் கேட்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பதிலாள் பெரும்பாலும் உலாவியின் போக்குவரத்தையே ஏற்கும். உங்களுக்கும் தனக்கும் இடையிலான வழியைத் தானாக மறைகுறியாக்கம் செய்வதில்லை. வி.பி.என். கணனியின் போக்குவரத்து முழுவதையும் மறைகுறியாக்கம் செய்து தன் வழங்கிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேண்டும் என்றுதான் கூறலாம். அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2016இல் 283 அன்ட்ரொயிட் வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தபோது, 18 சதவீதமானவை எந்த மறைகுறியாக்கமும் செய்யவில்லை என்றும், 38 சதவீதமானவற்றில் தீங்குநிரலின் அறிகுறி தென்பட்டது என்றும் கண்டறிந்தனர். 'ஹோலா' எனும் இலவசச் சேவை, தன் பாவனையாளர்களின் இணைப்பையே பிறர் பயன்படுத்துமாறு விற்று வந்தமை 2015இல் வெளிப்பட்டது. அதாவது நீங்கள் பதிலாளைத் தேடிச் சென்று, உங்களை அறியாமலேயே எவருக்கோ பதிலாளாகிவிடுகிறீர்கள். வழங்கிகளை நடத்துவதற்குப் பணம் தேவை. அதனை நீங்கள் செலுத்தவில்லையெனின் வேறெவரோ செலுத்துகின்றனர். எதற்காக என்பதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, உங்கள் கணனியில் பதிலாள் எவரும் அமர்ந்துள்ளாரா என்று பார்ப்பது எவ்வாறு எனக் கூறுவோம். இதற்குக் கணனி நிபுணத்துவம் தேவையில்லை. ஐந்து நிமிடங்கள் போதும்.

விண்டோஸ் 10 அல்லது 11 இயங்கும் கணனியில் 'செட்டிங்ஸ்' எனும் அமைப்புகளைத் திறந்து, 'நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்' பகுதிக்குச் சென்று, 'பிரொக்ஸி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே மூன்று ஏற்பாடுகள் இருக்கும். முதலாவது, கணனி தானாகவே வலையமைப்பிடம் கேட்டறிவது. இது விண்டோஸில் வழமையாக இயங்கு நிலையிலேயே இருக்கும். அலுவலகங்களுக்குப் பயனுள்ளது எனினும், பொது இடத்து வைபை இணைப்பில் தீய எண்ணமுள்ள ஒருவர் அக்கேள்விக்குப் பதிலளித்துவிட இடமுண்டு. வீட்டுக் கணனிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது, நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவது, 'செட்டப் ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைக் கோப்பின் முகவரி. எந்தத் தளத்துக்கு எந்தப் பதிலாள் வழியாகச் செல்வது என்று கணனிக்குக் கூறுவது இக்கோப்பு. மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. பிரேசில் நாட்டின் வங்கிக் கொள்ளையர் பல ஆண்டுகளாக இதனைக் கருவியாகக் கொண்டிருந்தனர். வங்கியின் பெயர் வந்தால் மட்டும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும், மற்றைய தளங்களுக்கு நேர்வழி விடவும் கோப்பை எழுதினர். கணனி எப்போதும்போல் இயங்கியதால் எவரும் ஐயுறவில்லை. உங்கள் நிறுவனம் தராத முகவரி எதுவும் இவ்விடத்தில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, கையால் இடப்படும் முகவரியும் 'போர்ட்' எனும் வாயில் இலக்கமும். தடை நாட்களில் எமது மக்கள் நிரப்பியது இதனைத்தான். 8080, 3128 போன்ற வாயில் இலக்கங்கள் வழமையானவை. முகவரி 127.0.0.1 என்றிருந்தால், பதிலாள் வெளியில் இல்லை. உங்கள் கணனிக்குள்ளேயே ஏதோ ஒரு மென்பொருள் அப்பதவியில் அமர்ந்திருக்கின்றது என்று பொருள். அது நீங்கள் அறிந்து நிறுவிய மென்பொருளாகவும் இருக்கலாம், தீங்குநிரலாகவும் இருக்கலாம். எது என்று தெரியும்வரை அக்கணனியில் வங்கி அலுவல்களைத் தவிர்க்கவும். ஏற்பாட்டை நிறுத்திய பின் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கினால், ஏதோ ஒன்று உள்ளிருந்து அதனை மாற்றுகின்றது என்பது உறுதி. நம்பகமான தீங்குநிரல் எதிர்ப்பு மென்பொருளைக் கொண்டு கணனியை முழுமையாகச் சோதிக்க வேண்டும்.

கூகிள் குரோம், மைக்ரோசொப்ட் எட்ஜ் ஆகிய உலாவிகள் விண்டோஸில் மேற்கூறிய அமைப்பையே பின்பற்றும். பயர்பொக்ஸ் உலாவிக்குத் தனி அமைப்பு உண்டு. அதன் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஜெனரல்' பக்கத்தின் அடியிலுள்ள 'நெட்வேர்க் செட்டிங்ஸ்' என்பதைப் பார்க்க வேண்டும். உலாவியில் சேர்க்கப்படும் சிறு நீட்சிகளும் பதிலாளை மாற்றவல்லவை. தெரியாத நீட்சிகளை அகற்றிவிடுங்கள். அப்பிள் மக் கணனியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'நெட்வேர்க்' என்று சென்று, இணைப்பின் விபரங்களுக்குள் 'பிரொக்ஸிஸ்' பகுதியைக் காணலாம். கைத்தொலைபேசிகளில் ஒவ்வொரு வைபை இணைப்புக்கும் தனித்தனியே இது பதிவாகும். ஆதலால் வீட்டு இணைப்பைப் பார்த்துவிட்டு, கடையின் இணைப்பையோ உறவினர் வீட்டு இணைப்பையோ மறந்துவிடலாகாது.

பார்த்த பின் சரிபார்க்கவும் வேண்டும். உங்கள் இணைய முகவரியைக் காட்டும் தளங்கள் பல உள்ளன. ஒன்றைத் திறந்து, இலங்கையின் உங்கள் இணைய சேவை வழங்குநரின் பெயர் தெரிகின்றதா எனப் பாருங்கள். தொலைதூர நாடு ஒன்றின் அறியாத நிறுவனம் தெரிந்தால், இடையில் எவரோ இருக்கிறார். அடுத்து, உங்கள் வங்கியின் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்புறமுள்ள அடையாளத்தை அழுத்தி, சான்றிதழை வழங்கியவர் யார் என்று வாசியுங்கள். அதே தளத்தை, தொலைபேசித் தரவு இணைப்பிலுள்ள இன்னொரு கருவியிலும் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் வழங்கியவர் பெயர் வேறுபட்டால், வைரஸ் எதிர்ப்பு மென்பொருளோ, அலுவலக வலையமைப்போ, அல்லது எவரென்று அறியாத ஒருவரோ உறையைப் பிரிக்கின்றார். எவர் என்று கண்டறியும்வரை கடவுச்சொல்லை இடாதீர்கள்.

முறைப்படி பதிலாளை அமர்த்த வேண்டியவர்களும் உள்ளனர். குறிப்பாகப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும். முகவரியையும் வாயில் இலக்கத்தையும் நிறுவனத்தின் கணனிப் பிரிவிடம் எழுத்தில் பெறுங்கள். சக மாணவரின் குறிப்பை நம்பவேண்டாம். விண்டோஸில் மூன்றாவது ஏற்பாட்டில் அவற்றை இட்டு, உள்ளூர் முகவரிகளுக்குப் பதிலாளைப் பயன்படுத்த வேண்டாம் எனும் கட்டத்தில் அடையாளமிடுங்கள். இல்லையேல் அருகிலுள்ள அச்சுப்பொறியைக்கூட அடைய முடியாது போகலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், மின்னஞ்சலுக்கு வைத்துள்ள அதே கடவுச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். பல இடங்களில் இது மறைகுறியாக்கமின்றியே செல்கின்றது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள், இணைப்பு இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்று மடிக்கணனியைத் திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்று பணம் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கணனியில் பழுது எதுவும் இருப்பதில்லை. வளாகத்துக்குள் மட்டும் வாழும் பதிலாளை அது கிளிநொச்சியிலும் கல்முனையிலும் இருந்துகொண்டு தேடுகின்றது. அந்த ஏற்பாட்டை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

இவை சிறு விடயங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தகவல் தடைப்படும் நாட்கள் இந்நாட்டில் இனி வராது என்று எவரும் உத்தரவாதம் அளிக்கவில்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் வெளியாகும் கூற்றுகளுக்கான அணுகலைத் தடுக்கும் அதிகாரங்களைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றியது. தமிழ் மக்களாயினும் முஸ்லிம் மக்களாயினும், கலவர வேளையில் உண்மையை உரிய நேரத்தில் அறிவது எத்தகைய பாதுகாப்பு என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். 2007இல் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்ட காலத்திலிருந்தே இடைவழிகளைத் தேடிப் பழகியவர்கள். தேடுவது தவறன்று. காணாமலாக்கப்பட்டோரின் உறவினருக்காகப் பணியாற்றுபவர், பத்திரிகையாளருக்குத் தகவல் தருபவர், வீட்டில் துன்புறுத்தலுக்குள்ளாகி உதவி தேடும் பெண் ஆகியோர் அறியாத பதிலாளை நம்பினால் இழப்பது பணத்தை மட்டுமன்று என்பதையே வலியுறுத்துகிறோம். தடையைத் தாண்டுவதற்காகத் திறந்த அதே வாயில் வேவு பார்ப்பவருக்கும் வாயிலாகிவிடக்கூடாது.

ஆகவே தடை வந்த பின் அவசரத்தில் தேடாமல், அமைதியான நாளிலேயே நடத்துநர் யார் என்று வெளிப்படையாக அறிவித்துள்ள சேவையொன்றைத் தெரிவுசெய்து வையுங்கள். கணனியில் ஐயத்துக்குரிய எதையேனும் கண்டால், 2006 முதல் இயங்கி வரும் இலங்கை சேர்ட் அமைப்பிடம் முறையிடலாம். பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஒரு பாடவேளையை இந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்கு ஒதுக்கினால், பிள்ளைகள் வீடு சென்று பெற்றோரின் கணனியையும் பார்த்துவிடுவர்.

காணி விற்று முடிந்ததும் அற்றோர்ணித் தத்துவத்தை இரத்துச் செய்துவிடுவது எமது பெரியோர் வழக்கம். அலுவல் முடிந்த பின்னும் அதிகாரம் பிறர் கையில் கிடக்கலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2018இலோ 2022இலோ நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரம் இன்னும் கணனியில் கிடக்கின்றதா என்று இன்றிரவே ஒருமுறை திறந்து பாருங்கள்.